ஈசுவின் இடது காதில் கேட்ட கித்தார்

ஏளா ஈசு, என் தங்கமே,

இருக்குளா! அந்த இரண்டாவது கித்தார் இருக்கு!

நலம் விசாரிக்கிற பொறுமையெல்லாம் எனக்கு இல்லை. இதை முதலில் உன்னிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாகக் கை பரபரக்கிறது. ஆஸ்பத்திரியில் நீ சொன்னாயே, கிரேன் பாட்டின் நடுவில் ஒரு கித்தார் கேள்வி கேட்கிற மாதிரி வாசிக்கும், இன்னொரு கித்தார் மெதுவாகப் பதில் சொல்லும் என்று. அப்படி ஒன்றும் இல்லை, மருந்து வேகத்தில் பேசுகிறாய் என்று சொன்னவள் நான்தான். இருக்கிறது ஈசு. இரண்டு காதாலும் கேட்டுவிட்டேன். இதுவரை நாற்பது ஐம்பது தடவையாவது கேட்டிருப்பேன்.

இந்தக் கடிதத்தைப் பிறரும் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. 'அறுக்காதளா' என்று நீ அங்கிருந்தே கத்துவாய். பரவாயில்லை, கத்து.

துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீஸ். அதில் பக்கத்துப் பக்கத்து மேசையில் பன்னிரண்டு வருஷம் நாம் இரண்டு பேரும். நான் கீழவைப்பார்க்காரி, கோயில் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவள். நீ விளாத்திகுளத்துக் கரிசல்காட்டுப் பெண். நான் உனக்கு இரண்டு வயது மூப்பு, ஆனாலும் நீ ஒருநாள் கூட என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. நாம் சேர்ந்த முதல் வருஷத்தில்தான், காகிதம் அச்செடுக்க வந்த ஒரு கப்பல் எலெக்ட்ரீசியன் தன் பென் டிரைவை நம் கம்ப்யூட்டரிலேயே விட்டுவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் கப்பல் கிளம்பிப் போயிருந்தது. "அடுத்த தடவ வரும்போது குடுத்துக்கிடலாம்" என்றார் மேனேஜர். அந்தக் கப்பல் திரும்ப வரவே இல்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நீதான் அதைத் திறந்தாய். உள்ளே முழுக்கப் பாட்டு. பெயரெல்லாம் நமக்கு வாசிக்கத் தெரியாத ஏதோ எழுத்தில் இருந்தது. அதனால் நாமே பெயர் வைத்தோம். இரும்பை இரும்பில் தேய்க்கிற மாதிரி ஆரம்பிக்கிற மெட்டல் பாட்டு, கிரேன் பாட்டு. நேர் ரோட்டில் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போகிற மாதிரி இருந்த ராக் பாட்டு, லாரிப் பாட்டு. நாற்பது நிமிஷம் ஓடுகிற, ஊரே சேர்ந்து வயலின் வாசிக்கிற கிளாசிக்கல், மழைப் பாட்டு. எனக்கு மழைப் பாட்டு, உனக்குக் கிரேன் பாட்டு. "நையாண்டி மேளம் கேட்டு வளந்தவளா நான். இது எனக்கு ஒரு சத்தமா?" என்று கேட்டாய். இரண்டு பேருக்கும் சண்டை வராமல் பொதுவாக ஓடியது லாரிப் பாட்டு ஒன்றுதான்.

கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். பாட்டையெல்லாம் இரண்டு பேர் போனிலும் ஏற்றிக்கொண்டோம். ஒரே ஒரு இயர்போன். நீ என் வலப்பக்கம் உட்கார்ந்திருந்ததால் வலது குமிழ் என் வலது காதில், இடது குமிழ் உன் இடது காதில். மிச்ச காதில் போன் மணி, மேனேஜர், வாசலில் நிற்கிற டிரெய்லர் லாரியின் ஹாரன். 'ஒரு காது கம்பெனிக்கு, ஒரு காது நமக்கு' என்பாய். வருஷக்கணக்காக இப்படித்தான் கேட்டோம். 'அந்த இடம் வருதுளா' என்று நீ விரலைத் தூக்குவாய், நானும் தலையை ஆட்டுவேன். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் தலையாட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்ததும் ஹெட்போன் பேச்சு ஆரம்பித்துவிடும். எத்தனை வீடியோ பார்த்தோம்! காதை முழுக்க மூடுவது, பின்பக்கம் சல்லடையாகத் திறந்திருப்பது, வயர் வைத்தது, வயர் இல்லாதது என்று கடைக்காரர்களுக்குப் பாடம் எடுக்கிற அளவுக்கு நமக்கு எல்லாம் தெரியும். ஒன்றைக்கூடக் கையால் தொட்டுப் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். "டிரம்மு நெஞ்சுல இடிக்கணும்ளா. ஒனக்கென்ன, ஒருத்தரும் தும்மாம வயலின் வாசிக்கணும், அம்புட்டுதான்" என்பாய். மூன்று வகைப் பாட்டுக்கும் பொருந்துகிற மாதிரி நல்லதாக ஒன்று, ஆளுக்குப் பாதி போட்டு வாங்கலாம் என்று முடிவும் செய்தோம். நல்ல வேளை, வாங்கியிருந்தால் அதையும் ஆளுக்கு ஒரு காதாகத்தான் மாட்டியிருப்போம்.

இனி ஆஸ்பத்திரி. அதைச் சொல்லாமல் தாண்ட முடியாது.

புது மருந்தில் கொஞ்சம் குழப்பம் வரலாம், இல்லாதது இருக்கிற மாதிரித் தோன்றலாம் என்று முந்தின நாள்தான் டாக்டர் சொல்லியிருந்தார். நீ சாய்ந்து உட்கார்ந்திருந்தாய், நான் எப்போதும் போல உன் இடப்பக்கம். அதே இயர்போன், அதே காதுகள். ஆபீஸ் சத்தம் எதுவும் இல்லாமல் நாம் பாட்டுக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. கிரேன் பாட்டில் டிரம் எல்லாம் நின்று ஒற்றைக் கித்தார் வருகிற இடம் வந்தது.

"ஏளா, இங்கன இன்னொரு கித்தாரு பதில் சொல்லுது பாரு. எனக்கு அது ரொம்பப் புடிக்கும்" என்றாய்.

"எது? அங்க ஒண்ணும் இல்லளா. சும்மா கெடக்க எடம்லா அது."

"இருக்குளா. நல்லாக் கேளு." நீயே பின்னால் தள்ளி மூன்று தடவை போட்டாய்.

"இல்ல ஈசு. மருந்து வேகம். கொஞ்சம் கண்ண மூடு."

நீ காதிலிருந்து குமிழை எடுத்தாய். "அப்படியாளா" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். அதற்குப் பிறகு மூன்று வாரம் இருந்தாய், ஒருநாள் கூடப் பாட்டுப் போடச் சொல்லவில்லை. நான் போடட்டுமா என்றபோதும் வேண்டாம் என்று தலையை ஆட்டினாய். உன் புத்தி மேல் உனக்கே பயம் வந்துவிட்டது, இல்லையா? அந்தப் பயத்தை உண்டாக்கியவள் நான்தானே?

பதினாறாம் நாள் உன் வீட்டுக்காரர் பொன்ராஜ் என்னிடம் சொன்னார்: "கடைசி மூணு வாரம் அவ அவளா இல்ல மதினி. மருந்துதான் பேசுச்சு. இல்லாத பாட்டு கேக்குன்னு சொன்னான்னு நீங்களே சொன்னீங்கள்லா. எங்கிட்டயும் என்னென்னமோ சொன்னா. அதையெல்லாம் பெருசா எடுத்துக்கிட முடியுமா?" நான் ஆமாம் என்றேன். அவர் அப்படி நம்பியதற்குச் சாட்சியே நான்தான். அன்றிலிருந்து பத்து மாதம் நான் பாட்டுக் கேட்கவில்லை. அவர் டிரெய்லர் ஓட்டப் போகவில்லை.

போன வாரம் அவர் போன் செய்து, உன் வருஷத் திதிக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னார். போனை வைத்ததும் எனக்கு என்ன தோன்றியதோ, நாம் வாங்க நினைத்த ஹெட்போனை வாங்கிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை. கடைக்கார அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும்.

"எதுக்குத் தங்கச்சி? போன் பேசவா, பாட்டுக் கேக்கவா?"

"பாட்டுக்கு. ராக், மெட்டல், வெஸ்டர்ன் கிளாசிக்கல். மூணுக்கும் ஒரே ஹெட்போன் வேணும் அண்ணாச்சி."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகூர்த்தத்துக்கும் அதே சேல, சமையக்கட்டுக்கும் அதே சேலன்னு கேக்க மாதிரில்லா இருக்கு" என்றார். நீ இருந்திருந்தால் அங்கேயே அவரோடு சிநேகமாகியிருப்பாய்.

முதலில் அவர் எடுத்துக் கொடுத்தது கறுப்பில் பெரியதாக ஒன்று. நல்ல பேஸ் இருக்குமாம், அதுதான் நன்றாகப் போகிறதாம். கிரேன் பாட்டைப் போட்டேன். டிரம் நெஞ்சில் இடித்தது உண்மை, ஆனால் கிட்டங்கியில் மூட்டை விழுகிற மாதிரி எல்லாம் ஒரே பொத்துப் பொத்து. ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. மழைப் பாட்டில் அடிக்குரல் வாத்தியங்கள் மட்டும் ஊதிப்போய் மற்றவற்றை மூடிக்கொண்டன. இரண்டாவது நேர் எதிர். எல்லாம் கூர்மையாக, தகரத்தைக் கீறுகிற மாதிரி. பத்து நிமிஷத்துக்கு மேல் தாங்க முடியாது.

மூன்றாவதை அண்ணாச்சி ரொம்பப் பெருமையாக எடுத்தார். வயர் கிடையாது, வெளிச் சத்தத்தை அதுவே நிறுத்திவிடுமாம். மாட்டினேன். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று கேட்கிறது, ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிறது.

"என்ன அண்ணாச்சி, வெளிச் சத்தம் அப்படியே கேக்கே? இது வேல செய்யலையே" என்றேன்.

அவர் என் இடது காதைக் கைகாட்டினார். "தங்கச்சி, ஒரு காத வெளிய விட்டுட்டு சத்தம் வருதுன்னா நான் என்ன செய்ய? ரெண்டு காதுலயும் மாட்டுங்க."

கையைத் தூக்கித் தடவிப் பார்க்கிறேன் ஈசு, இடப்பக்க வட்டு என் காதுக்குப் பின்னால் கிடக்கிறது! நானேதான் தள்ளிவிட்டிருக்கிறேன். முதல் இரண்டையும் அப்படித்தான் மாட்டியிருக்கிறேன். கடைக்கு வந்தும் இடது காதைக் கம்பெனிக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன், பாவி மகள்! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வட்டை இழுத்து இடது காதில் வைத்தேன். ஃபேன் நின்றுபோன மாதிரி ஓர் அமைதி. கிரேன் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. டிரம் நின்றது. வலது பக்கம் அந்தக் கித்தார் கேட்டது.

இடது பக்கம் பதில் வந்தது.

"அய்யோ!" என்று கத்திவிட்டேன். அண்ணாச்சி பதறி, "என்ன, கரண்டு அடிச்சிட்டா?" என்று எழுந்தே விட்டார். பின்னால் தள்ளி மறுபடி போட்டேன். மறுபடியும் வந்தது. மெலிதாக, வெட்கப்பட்டுப் பேசுகிற மாதிரி, இடது பக்கம் மட்டும். பாட்டைப் பதிவு செய்தவர்கள் கேள்வியை வலது பக்கம் ஓங்கி வைத்து இடது பக்கமும் லேசாகக் கேட்க விட்டிருக்கிறார்கள், பதிலை இடது பக்கம் மட்டும் வைத்திருக்கிறார்கள். உன் காதுக்குக் கேள்வியும் பதிலும், என் காதுக்குக் கேள்வி மட்டும். எனக்கு 'சும்மா கெடக்க எடம்' என்று தோன்றியதெல்லாம் உன் கித்தார் பேசிய இடங்கள். நீ இல்லாததைக் கேட்கவில்லை. உன் பக்கத்தில் இருந்ததைத்தான் கேட்டிருக்கிறாய்.

அழுதேன், சிரித்தேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன். அண்ணாச்சி தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவரும் ஹெட்போனை வாங்கி மாட்டிக் கேட்டுவிட்டு, "ஆமா, இந்தப் பக்கம் ஒருத்தன் தனியா வாசிக்கான்" என்றார். எனக்கு முதல் சாட்சி அவர்தான்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியுமா? முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொன்னேன், இந்தத் தடவை இரண்டு காதிலும். இனி எனக்கு ஒரே பரீட்சைதான்: உன் கித்தார் எதில் தெளிவாகக் கேட்கிறது? பெரிய பேஸ்காரனில் அது புதைந்து போனது. தகரக்காரனில் கேட்டது, ஆனால் ஈர்க்குச்சி மாதிரி மெலிந்திருந்தது. வயர் இல்லாதவனில் நன்றாகவே இருந்தது, ஆனால் மழைப் பாட்டைப் போட்டால் அத்தனை பேரும் சின்ன அறைக்குள் நெருக்கியடித்து வாசிக்கிற மாதிரி எனக்கு மூச்சு முட்டியது.

மேல் தட்டில் ஒரு பெட்டி தூசியோடு இருந்தது. அது என்ன என்று கேட்டேன். "அது வேண்டாம் தங்கச்சி. பின்னால சல்லட, பாட்டு பூராவும் வெளிய கசியும். ஆர்டர் போட்டவரு வாங்காம விட்டுட்டாரு" என்றார். சல்லடை என்றதும் துள்ளிவிட்டேன். பின்பக்கம் திறந்த ஹெட்போன்! நாம் வீடியோவில் மட்டும் பார்த்தது!

அதை மாட்டியதும் சுவரே இல்லாத மாதிரி இருந்தது ஈசு. மழைப் பாட்டைத்தான் முதலில் போட்டேன். இடது பக்கம் முழுக்க வயலின்! உன் பக்கம்! வயலின் வயலின் என்று உயிரை விட்டவள் நான், எனக்கு இத்தனை வருஷமும் பக்கத்தில் கேட்டதெல்லாம் அடிக்குரல் செல்லோ. வயலின் எங்கேயோ தூரத்தில் கேட்கும், அந்தத் தூரம்தான் அழகு என்று நானாக ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தனை வயலினையும் உன் காதில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் கிரேன் பாட்டுக்காகக் காத்திருந்திருக்கிறாயே, கள்ளி!

அடுத்து லாரிப் பாட்டு. பாடுகிறவரின் குரல் நடுவில் நின்றது, கித்தார்கள் இரண்டு பக்கமும் விலகி வழி விட்டன. கடைசியாகக் கிரேன் பாட்டு. நெஞ்சில் இடிப்பது பெரியவனைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. நீ இருந்தால் இதற்கே ஒரு சண்டை போட்டிருப்பாய். ஆனால் காலால் அடிக்கிற அந்த இரட்டை டிரம்மின் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது. உன் கித்தார் என் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. போனில் செருகினால் சத்தம் கொஞ்சம் குறைவு. சுற்றி இருப்பவர்களும் பாட்டைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். இருந்துவிட்டுப் போகட்டும். அதையே வாங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விளாத்திகுளம் பஸ்ஸைப் பிடித்தேன். பொன்ராஜ் வீட்டில்தான் இருந்தார். தாடி இன்னும் எடுக்கவில்லை.

"எனக்கு இந்தப் பாட்டெல்லாம் ஓடாது மதினி" என்று பின்வாங்கினார்.

"பாட்டு ஓட வேண்டாம். நடுவுல சத்தம் நிக்கும். அதுக்குப் பொறவு எந்தப் பக்கம் என்ன கேக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். நானே இரண்டு காதிலும் சரியாக மாட்டிவிட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டிரம் நின்றது எனக்கும் வெளியே கேட்டது. அவர் வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். அப்புறம் இடது கையைத் தூக்கினார். வலது, இடது, வலது, இடது. அந்த இடம் முடிகிற வரைக்கும் அப்படியே காட்டிக்கொண்டிருந்தார்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது, நான் சொன்ன பொய்யான சாட்சி, எல்லாம். அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பம் அவ தெளிவாத்தான் இருந்தாளா மதினி?"

"தெளிவாத்தான் இருந்தா. நான்தான் ஒத்தக் காத வச்சுக்கிட்டு அவளச் சொல்லிட்டேன்."

பிறகுதான் எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார். நீ மயங்கி விழுந்த அன்று அவர் குஜராத்தில் லோடோடு இருந்தார். செய்தி தெரிந்தும் லோடை இறக்கிவிட்டுத்தான் கிளம்பினார். வந்து சேர ஐந்து நாள் ஆகிவிட்டது. கடைசி வாரத்தில் ஒரு காலையில் நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க லோட எறக்கிட்டு வந்ததுல எனக்குக் கோவம் இல்ல. அத மனசுல வச்சுக்கிட்டே இருக்காதீங்க" என்று சொன்னாயாம்.

"மருந்து பேசுதுன்னு நெனச்சேன் மதினி. அவ அவளா இருந்தா என்ன மன்னிச்சிருக்க மாட்டான்னு நெனச்சேன்" என்றார். பிறகு சின்னக் குரலில் கேட்டார்: "அப்பம் அதச் சொன்னதும் அவதானா?"

"அவதான்" என்றேன். அவர் ஹெட்போனை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, "மொதல்ல இருந்து போடுங்க" என்றார். சத்தம் குறைவு என்று கையால் காட்டினார், கூட்டி வைத்தேன். சல்லடை வழியாகக் கிரேன் பாட்டு வீடு முழுக்கக் கசிந்தது. அவர் தேம்பியது அவருக்கே கேட்டிருக்காது. ஹெட்போனை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

இன்று காலையில் போன் செய்தார். திதி முடிந்த மறுநாள் லோடு எடுக்கப் போகிறாராம், முதலில் மதுரை வரைக்கும் மட்டும். சந்தோஷமாக இருக்கிறது ஈசு, கத்த வேண்டும் போல் இருக்கிறது.

என்னை மன்னித்துவிடு என்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். உன்னிடமிருந்து பாட்டைப் பிடுங்கியவள் நான். அந்த மூன்று வாரத்தை உனக்குத் திருப்பித் தர என்னால் முடியாது. என்னால் முடிந்தது ஒன்று உண்டு, அதைச் செய்வேன். திதிக்கு வருகிறவர்களில் யாராவது 'கடைசியில பாவம், அவ அவளா இல்ல' என்று வாயைத் திறந்தால் சோற்றுப் பந்தியிலேயே எழுந்து நின்று சொல்வேன்: எங்கள் ஈசு கடைசி நாள் வரைக்கும் ஈசுவாகத்தான் இருந்தாள், அவள் சொன்னது அத்தனையும் அவள் சொன்னதுதான். இது சத்தியம்.

என்றும் உன் அக்காதான்,
பிலோமி